அந்தக் கரைக்கு மட்டும் வந்த பூட்டன்

செத்து எண்பது வருஷத்துக்கு மேலான அங்கமுத்து, ஐந்தாவது முறையாக, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, உட்லண்ட்ஸ் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறி எட்டாவது மாடியில் இறங்கி, சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி தொங்கும் நீண்ட தாழ்வாரத்தில் நடந்து, தன் இளைய மகன் வழிப் பேரன் ஞானசேகரன் வீட்டு வாசலில் தலைப்பாகையை அவிழ்த்து உதறினார் என்ற செய்தி, பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூர் பாருவில், மூத்த மகன் வழிப் பேரன் தனபாலன் வீட்டுக்கு ஒன்பது மணி மூன்று நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தபோது, தனபாலனின் மகள் லோஷினி கையிலிருந்த ரொட்டி சானாயை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். செய்தியை அனுப்பியவள் ஞானசேகரனின் மகள் கிருத்திகா. கூடவே ஒரு படம். சோபாவில் பூட்டன் கால் நீட்டிப் படுத்திருக்கிறார், நெஞ்சின் மேல் யாரோ சின்னக் காகிதக் கொடி ஒன்றை வைத்திருக்கிறார்கள், காற்றாடிக் காற்றில் அது ஆடுகிறது.

லோஷினிக்கு வயிறு எரிந்தது. சட்டம் படிக்கிற பெண், பல்கலைக்கழகத்தின் பட்டிமன்றக் குழுவில் எதிரணியைத் தண்ணீர் குடிக்க வைக்கிறவள், இருந்தும் அந்தக் காகிதக் கொடிக்கு எதிராகச் சொல்ல அவளிடம் ஒரு வாதமும் இருக்கவில்லை. நம்ம ஐஸ் செண்டோலை அவங்களுது என்றார்கள், விட்டோம். நம்ம ரொட்டி சானாய்க்குப் பிராட்டா என்று பேர் வைத்துக்கொண்டார்கள், அதையும் விட்டோம். இப்போது நம்ம பூட்டனையும் எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் அம்மா சரோஜாவிடம் சொல்ல, அம்மா, அவரா போனதுக்கு அவங்க என்ன செய்வாங்க, நீ முதல்ல பசியாறு என்றாள்.

அந்தப் பக்கம் அவரைப் பழக்கிக்கொள்ள ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் வருஷம் பக்கத்து வீட்டுச் சீனத்து அத்தை கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி ஏற்றினாள். இரண்டாம் வருஷம் இரண்டு ஆரஞ்சுப் பழமும் ஒரு கோப்பை கோப்பியும் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் வருஷம் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு, அவர் தூக்கத்தில் புரண்டு படுத்ததைப் பார்த்து ஒன்பது ஆறாகிவிட்டது என்று தானாகவே கணித்து எழுதிக்கொண்டு போய்த் தோற்று, அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். குடியிருப்பாளர் குழு, தேசிய தினத்துக்கு மூத்தவர்களுக்குக் கொடுக்கும் பையில் அவருக்கும் ஒன்று ஒதுக்கியது. பிறந்த ஆண்டு என்ற இடத்தில் 1898 என்று போட்டதைக் கணினி ஏற்காததால், குழுச் செயலாளர் பேனாவால் எழுதி ஒட்டினார். ஆறு மணி ஆனதும் பையை வாங்கிக்கொண்டு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வழிவிட்டு நின்று, அங்கமுத்து இறங்கிப் போவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. புறப்படுகிறவரை எங்கே போறீங்க என்று கேட்கக்கூடாது என்பதுதான் காரணம்.

இந்தப் பக்கம் மட்டும் என்ன, சும்மாவா இருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடலைக் கல்லால் தூர்த்துப் பாலம் போட்டபோது கல் சுமந்த கூலிகளில் ஒருவர் அங்கமுத்து. பாலம் முடிந்ததும் மூத்தவனோடு இந்தக் கரையில் கித்தா என்கிற ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் தங்கி, இந்தக் கரையிலேயே காய்ச்சலில் போனவர். இளையவன் பிற்பாடுதான் கப்பல்துறை வேலைக்கு அந்தக் கரைக்குப் போனான். ஆக அவருடைய வேட்டியும் தலைப்பாகைத் துணியும் இருக்கிற சாமிப் பெட்டி மூத்தவன் வீட்டில், தனபாலன் வீட்டில்தான் இருக்கிறது. பெட்டி எங்கே இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் படையல் போடும் உரிமை. வருஷத்துக்கொரு முறை பெட்டியைத் திறந்து, புதுத்துணி வைத்து, பழையதை எடுத்து வீட்டுப் பெரியவர் உடுத்திக்கொண்டு இலை போடுவார். ஆடியிலோ தையிலோ செய்ய வேண்டியதை, தோட்டத்துக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கிற நாள் அதுதான் என்று ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்கு, சுதந்திர தினத்துக்கு, மாற்றி, அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் தொலைக்காட்சியில் அணிவகுப்பு, பத்து மணிக்குப் படையல்.

தாமான், அந்தக் குடியிருப்பு, முழுக்க வரும். ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, முட்டை, சுருட்டு, கள்ளுக்குப் பதிலாக ஒரு போத்தல் பீர். அப்புறம் கோரிக்கைப் புத்தகம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வருஷம் முழுக்கத் தங்களுக்கு ஆக வேண்டியதைச் சொல்லச் சொல்ல எழுதிவைத்த நாற்பது பக்க நோட்டு, அதை மைக்கில் கணீரென்று வாசிப்பது, எட்டு வயசிலிருந்து, லோஷினியின் வேலை. சரோஜாவின் முழங்கால் வலியைத் தூக்கிப் போட வேண்டும், தாமான் தலைவர் நடேசனின் மகனை அரசாங்க வேலையில் ஏற்றிவிட வேண்டும், களவுபோன மோட்டார் சைக்கிளைத் தேடிக் கொண்டுவர வேண்டும், மூன்றாம் வீட்டு மருமகளைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர வேண்டும், பக்கத்து வீட்டு ரொஹானி மக்சிக்கின் பூனையைக் கண்டுபிடிக்க வேண்டும். மலாய்க்காரியாக இருந்தும் மக்சிக் வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பாள். கேட்டுப் பார்ப்பதில் என்ன போகிறது என்பாள். பூட்டன் வரமாட்டார். இலை காய்ந்து சுருளும்.

அப்படியிருக்க ஆறாவது வருஷம் ஜூலையில், வழக்கம்போலப் பெட்ரோல் அடிக்கப் பாலம் தாண்டி வந்த ஞானசேகரன், வழக்கம்போல ஒரு டப்பா பிஸ்கெட்டோடு வீட்டுக்கு வந்து, தே தாரிக்கை ஆற்றி ஆற்றிக் குடித்து, காற்பந்தில் மலேசியா தோற்றதைப் பற்றி இரண்டு கேலி பேசிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஆளு அங்க வராரு, பெட்டி இங்க இருக்கு. யாரு கேட்டாலும் நல்லாவா இருக்கு?”

தனபாலன் முப்பது வருஷமாகக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். விடியுமுன் கேமரன் மலைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி, மதியத்துக்கு வெறும் லாரியோடு திரும்புகிறவர். அதிகம் பேசமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வர்ற முப்பத்தொண்ணு பாப்போம், அன்னிக்கும் தாத்தா இங்க வரலைன்னா பெட்டியை நீயே எடுத்துக்கிட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் என்றார். சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அன்று மாலை அவர் லாரியைக் கழுவும்போது, கழுவின சக்கரத்தையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்ததை லோஷினி பார்த்தாள்.

அதனால்தான், இத்தனை வருஷம் ரோஷத்தில் போகாமலிருந்தவள், அந்த ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, இந்தக் கரையில் அது வேலைநாளானதால் வேலைக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி, எட்டாவது மாடிக்குப் போய் நின்றாள். மனசுக்குள் பதினோரு வாதங்கள் அடுக்கி வைத்திருந்தாள். மூத்த வழி என்பது ஒன்று. அடக்கம் செய்த மண் என்பது இரண்டு. கோவையாக எடுத்துரைத்தால் செத்தவருக்கும் நியாயம் புரியாமலா போகும்.

வீட்டில் பூசையில்லை, மாலையில்லை. மேசையில் மூடிவைத்த சோறும் மீன் குழம்பும். கதவைத் திறந்த கிருத்திகா கலைந்த தலையோடு கொட்டாவி விட்டாள். சித்தப்பா உள்ளே தூங்குகிறார், இரவு வேலை முடித்து வந்தவர். சித்தி தூங்குகிறாள். வருஷத்துல கிடைக்கிற லீவு, வேற என்ன செய்றது என்றாள் கிருத்திகா, தானும் போய்ப் படுத்துக்கொண்டாள். கூடத்தில் சோபாவில் அங்கமுத்து மட்டும். கரடுதட்டிய பாதங்கள், ஒல்லி, அப்பாவின் அதே காது.

லோஷினி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து தொடங்கினாள். மூத்த வழி, அடக்கம் செய்த மண், பெட்டி, முப்பது வருஷம் தவறாமல் இலை போட்ட ஒரு மனுஷன். குரல் உயர்ந்துகொண்டே போய், ஆறாவது வாதத்துக்கும் ஏழாவது வாதத்துக்கும் நடுவில், பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“மைக்குல படிக்கிற பிள்ளை நீதானா?”

“ஆமா,” என்றாள் லோஷினி. தன்னைத் தெரிந்திருக்கிறதே என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது.

“வருஷா வருஷம் உங்க தெரு திரும்புற சடக்கு முனை வரைக்கும் வருவேன் ஆத்தா. உன் குரல் கேக்கும். முழங்காலைத் தூக்கு, மோட்டார் சைக்கிளைத் தேடு, பூனையைப் புடி. எம்மாம் பெரிய வேலைப் பட்டியல். அப்படியே திரும்பிடுவேன்.”

“அது வேலையில்ல தாத்தா, வேண்டுதல்.”

“யாருக்கு?” என்றார் அவர். “எனக்கு வருஷத்துல ரெண்டு நாள்தான் லீவு. இந்தக் கரைக்கு ஒரு நாள், அந்தக் கரைக்கு ஒரு நாள். லீவு அன்னிக்கும் ஆளைப் புடிச்சு வேலை வைப்பீங்களா?” திறந்த கண்ணை மூடிக்கொண்டார்.

மிச்சமிருந்த ஐந்து வாதங்களையும் லோஷினி விழுங்கிக்கொண்டாள். அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த வீட்டுக்காரர்கள் அன்பால் அல்ல, அலுப்பால் ஜெயித்திருக்கிறார்கள் என்ற ஆத்திரம். தூங்கியே ஒருவன் பூட்டனைச் சம்பாதிக்க முடியும் என்றால், பதினான்கு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு என்ன மரியாதை?

தாமான் கூட்டத்தில் அவள் அதைச் சொன்னபோது பெரிய ரகளையாயிற்று. மைக் கிடையாது, புத்தகம் கிடையாது, யாரும் எதுவும் கேட்கக்கூடாது, வந்தால் சோறு போட்டுத் தூங்க விட வேண்டும் என்றாள். ஒண்ணும் கேக்காம இருக்கிறதுக்கு எதுக்குலா படையல், சும்மா வந்து தூங்கிட்டுப் போறதுக்கு அவர் என்ன விருந்தாளியா என்று நடேசன் எகிறினார். அவருடைய மகனின் அரசாங்க வேலை ஒன்பது வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் விருந்தாளிகூட இல்லை, லீவில் வருகிற கூலிக்காரர், உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முதலாளி போன் பண்ணினால் எடுப்பீர்களா என்று லோஷினி கேட்டாள். நடேசன் எடுப்பதில்லை என்பது தாமானுக்கே தெரியும். சிரிப்பு எழுந்தது. முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த சரோஜாதான் முதலில் புத்தகத்தை வாங்கித் தன் பக்கத்தைக் கிழித்தாள். ரொஹானி மக்சிக், பூனை செத்துப்போய் ரொம்ப நாளாச்சு, எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டதால் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லித் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். நடேசன் கடைசிவரை கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் தேதி, தாமானில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது, ஒரு வீட்டில்கூடத் தொலைக்காட்சி கத்தவில்லை. அணிவகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்தார்கள், வாய் மட்டும் அசையும் வாத்தியக்காரர்களை. எட்டரைக்கு ஞானசேகரன் குடும்பத்தோடு வந்திறங்கினார், அந்தக் கரையில் அன்று லீவு இல்லாததால் சொந்த லீவு போட்டு, கையில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு புதுப் போர்வையோடு. போர்வையைக் கண்டு லோஷினிக்குக் கன்னம் சூடேறியது. தனபாலன் பெட்டியைத் திறந்து, புதுத்துணி வைத்து, பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, இலையைப் போட்டார். எதையும் கேட்காமல் போட்ட முதல் இலை.

பத்துக்குச் சடக்கு முனையில் ஆள் தெரிந்தார். நின்றார். காதைச் சாய்த்துக் கேட்டார். தாமானே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடேசன் சட்டைப்பையின் மேல் கையை வைத்து அழுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அங்கமுத்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நடந்து வந்து, வாசலில் தலைப்பாகையை உதறி, உள்ளே போய் இலையின் முன்னால் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, கூடத்தில் காற்றாடிக்குக் கீழே வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்.

தூங்கினார். அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தனபாலனும், முப்பது வருஷத்தில் பகலில் கண்ணை மூடியறியாத மனுஷன், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். வாசலில், படிகளில், லாரி நிழலில், தாமான் சனம் ஆங்காங்கே தூங்கியது. லோஷினிக்கு மட்டும் தூக்கமில்லை. அவள் போட்டுவைத்திருந்த வம்சாவளி அட்டையில் அங்கமுத்துவின் அம்மா பேர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது, சொல்லக்கூடிய ஒரே ஆள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தார், கேள்வி நாக்கு நுனியில் மிளகாய் போல எரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதியம் ஒரு மணிபோல அங்கமுத்து குறட்டை விடத் தொடங்கினார், ஜன்னல் கண்ணாடி அதிர.

“எங்க வீட்டுல ஒரு தடவைகூடக் குறட்டை விட்டதில்லடி,” என்றாள் கிருத்திகா மெல்ல. முகம் சுருங்கியிருந்தது.

அந்தச் சுருக்கத்தைப் பார்க்க லோஷினி ஐந்து வருஷம் காத்திருந்தாள். பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு அவராகவே எழுந்தார். தலைப்பாகை கட்டினார். கேட்கக்கூடாததை யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று எல்லாரும் வாயைப் பொத்தியிருக்க, லாரிக்காரன் பெண்டாட்டியான சரோஜா, புறப்படும் ஆம்பிளைக்கு எந்நாளும் கேட்பதைத்தான் கேட்டாள், சோறு கட்டித் தரவா என்று.

“கட்டு தாயி,” என்றார் அங்கமுத்து. “எட்டுப் பேர் இருக்கோம்.”

கேட்காமலே அவர் சொன்னது அதுதான். பாலத்துக்கு அடியில் கல் ஒவ்வொன்றாக நழுவுகிறது, கடல் இழுக்கிறது, திரும்பத் திரும்ப எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்குக் கொட்டியவர்களில் எட்டுப் பேர் இன்னும் அங்கேதான். மற்ற ஏழு பேருக்கும் போக வீடு கிடையாது, ஆள் கிடையாது. ரெண்டு கரையிலும் பிள்ளைகுட்டி இருக்கிறவன் நீதான், நீ போய் வா என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் தங்கள் லீவையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் லீவு முடிந்து சனம் திரும்பும், பாரம் கூடும், சீக்கிரம் போகணும் என்றார்.

சரோஜா எட்டு இலையில் கட்டினாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், நிறுத்தியிருந்த லாரியின் சக்கரத்தைக் கையால் தட்டிப் பார்த்து, தனபாலன் பக்கம் திரும்பினார்.

“இது உன்னுதா? விடியக்காலையில கனமா வந்து மத்தியானம் வெறுசாத் திரும்புறது?”

“ஆமா தாத்தா,” என்றார் தனபாலன்.

“தெரியும். முப்பது வருஷமாத் தெரியும். இடது பின்சக்கரம் ஒரு பக்கமா இழுக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “முட்டைக்கோஸ் கொஞ்சம் கம்மியா ஏத்து.”

தனபாலன் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஞானசேகரன் முண்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய வெள்ளைக் காரும் வாரா வாரம் சனிக்கிழமை பாலத்தில் வருகிறதே, பெட்ரோல் அடிக்க, அதைத் தாத்தாவுக்குத் தெரியாதா என்றார். அங்கமுத்து நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே நினைத்துப் பார்த்தார்.

“காரெல்லாம் தெரியாதுப்பா,” என்றார். “அது ஒரு பாரமா.”

அங்கமுத்து பொட்டலத்தோடு நடந்து போனபின் ஞானசேகரன் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. போர்வையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கடைசியில், இங்க பனியா இருக்கு அண்ணே, நீங்களே வச்சுக்கங்க என்று சரோஜா கையில் கொடுத்தார். காரையும் தாமானிலேயே விட்டுவிட்டு, மனைவியோடு பஸ்ஸுக்குப் போனார்.

பாலத்தில் லீவு முடிந்த நெரிசல். பஸ்கள் நகரவில்லை. வழக்கம்போல இறங்கி நடக்கிற சனத்தோடு, கிருத்திகாவும் அவளை வழியனுப்ப வந்த லோஷினியும் நடந்தார்கள், ஆனால் வழக்கம்போல இல்லை. இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். தாமானிலிருந்து வந்த இன்னும் பத்துப் பேரும் அப்படியே. நடேசன்கூட, ஞானசேகரன் குடும்பத்துக்காகத் தூக்கிவந்த மூட்டையைத் தலைக்கு ஏற்றினால் தரைக்குப் பாரம் குறையுமா என்று ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டு இறக்கினார்.

“மெதுவா வைடி காலை,” என்றாள் லோஷினி.

“நான் மெதுவாத்தான் வைக்கிறேன். உன்னை மாதிரி தொம் தொம்முன்னா நடக்கிறேன்?”

“நான் உன்னைவிட நாலு கிலோ கம்மி.”

“போன தீபாவளிக்கு. அதுக்கப்புறம் எத்தனை சானாய் தின்னே?”

“எங்க அப்பா லாரியை அவருக்குத் தெரியும்.”

“அதான் சொல்றேன், உங்க வீட்டுப் பாரம்தான் அவருக்கு அதிகம்.”

அதற்கு லோஷினியிடம் பதில் இருந்தது, மூன்று பதில் இருந்தது, ஆனால் உரக்கப் பேசினால் அதுவும் பாரமாகுமோ என்று குரலைத் தணித்துக்கொண்டாள். கால் பெருவிரலை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, ஒருத்தியின் காலடி மற்றவளுடையதைவிட லேசாக விழவேண்டும் என்று இருவரும் போட்டி போட்டு நடந்து, ஒரு நாடு முடிந்து மறு நாடு தொடங்குகிற நடுப்பாலத்துக்கு வந்தபோது, காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில், ஒரு கல் நகர்ந்து தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் கேட்டது. இருவரும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, அது எந்தப் பக்கத்துக் கல் என்று, ஒரே நேரத்தில், கிசுகிசுத்த குரலில், சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள்.